அறிவிப்பு நின்றுபோனால், அதையாவது அறிவியுங்கள்
லினக்ஸ் நண்பர்களுக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கட்டற்ற மென்பொருள் நண்பர்களே,

அலுவலகம் அலுவலகமாகப் போய் லினக்ஸ் நிறுவிக் கொடுப்பவர்கள், அதைத் தமிழாக்குபவர்கள், அதற்காக நிரல் எழுதுபவர்கள், பயனர் குழுக்களில் சனி ஞாயிறு என்று பாராமல் பாடம் எடுப்பவர்கள் என உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தூத்துக்குடியில் சுங்க முகவர் அலுவலகம் ஒன்றில் கணக்கையும் கணினிகளையும் பார்த்துக்கொள்பவன் நான். கப்பலில் சரக்கு ஏறவும் இறங்கவும் வேண்டிய ஆவணங்களைத் தயார் செய்வது எங்கள் பிழைப்பு. எங்கள் கணினிகள் லினக்ஸில் ஓடுகின்றன. இனியும் அதில்தான் ஓட வேண்டும் என்று விரும்புகிறேன். அதனால்தான் இந்த மனத்தாங்கலை உங்களிடம் நேரில் சொல்கிறேன்.

சங்கதி பார்வைக்குச் சிறியது. டெஸ்க்டாப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிஸ்டம் ட்ரே ஐகான்கள் காணாமல் போகின்றன. அவை சொல்லிக்கொண்டிருந்த செய்திகளும் நின்றுபோகின்றன. போயின என்று யாரும் சொல்வதில்லை. நீங்களும் சொல்வதில்லை, கணினியும் சொல்வதில்லை.

எங்கள் அலுவலகத்தில் நடந்ததைக் கேளுங்கள். பதிப்பு மாற்றிய மறுநாள் காலையில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. பிழைச்செய்தி ஏதும் வரவில்லை. எங்கள் அஞ்சல் செயலியின் ஜன்னலை மூடினால் அது நின்றுவிடாது. ட்ரேயில் ஒதுங்கிக்கொண்டு, புது அஞ்சல் வந்தால் எண்ணைக் காட்டும். பல காலப் பழக்கத்தில் அன்றும் ஜன்னலை மூடிவிட்டு ஷிப்பிங் பில் வேலையில் இறங்கிவிட்டார்கள். செயலி பின்னால் ஓடிக்கொண்டுதான் இருந்தது, தன்னைக் காட்டிக்கொள்ளத்தான் அதற்கு இடம் இல்லை. கப்பலுக்கான கட்-ஆஃப் நேரத்தை முன்னால் நகர்த்தியிருக்கிறோம் என்ற அஞ்சல் முற்பகலிலேயே வந்துவிட்டது. மாலையில்தான் அது கண்ணில் பட்டது. கண்டெய்னர் கப்பலில் ஏற முடியாமல் ஷட்-அவுட் ஆகி, அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தது. ஏற்றுமதி செய்தவர் காரணம் கேட்டார். கணினித் திரையின் ஓரத்தில் ஒரு படம் வராமல் போனதுதான் காரணம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இதைவிடக் கவலை தரும் ஒன்று சில வாரங்கள் கழித்துத் தெரிந்தது. கோப்புகளைச் சர்வரில் நகலெடுத்து வைக்கும் செயலி ஒன்று உண்டு. அது நன்றாக ஓடினால் பச்சை, தடைபட்டால் சிவப்பு என்று ட்ரேயில் காட்டும். ஏதோ ஒரு காரணத்தால் மறுபடி கடவுச்சொல் கேட்டுவிட்டு அது நின்றுபோயிருந்தது. சிவப்பைக் காட்ட ட்ரே இல்லை. அத்தனை நாளும் எங்கள் கோப்புகளுக்கு மறுபிரதி இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தோம். அந்த நாட்களில் ஒரு ஹார்ட் டிஸ்க் பழுதாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்பவருக்கு இன்னொரு தொல்லை. இப்போது விசைப்பலகை தமிழில் இருக்கிறதா ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று காட்டிய எழுத்தும் ட்ரேயோடு போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் இரண்டு எழுத்து அடித்துப் பார்த்து, அழித்துவிட்டு, பிறகு தொடங்குகிறார்.

உங்களிடம் கேட்டால் வரும் பதில் எனக்குத் தெரியும். ‘ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டால் சரியாகிவிடும், இரண்டு நிமிட வேலை.’ உண்மைதான், போட்டதும் வந்துவிட்டது. ஆனால் எக்ஸ்டென்ஷன் போட வேண்டும் என்று தெரிய, ஒன்று குறைகிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? வராத செய்தியை வரவில்லை என்று ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பிரின்டர் ஓடாவிட்டால் காகிதம் வராது, உடனே தெரிந்துவிடும். அறிவிப்பு நின்றுபோனால் மேசை அமைதியாக இருக்கும். இன்று அஞ்சல் குறைவு போல என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்போம். என் குறை முழுவதும் இந்த அமைதியைப் பற்றியதுதான்.

இதன் வரலாறு உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் கெட்ட எண்ணம் கொண்டவர் யாரும் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்ள வேண்டும். ட்ரே ஐகானைக் காட்டும் பழைய முறைக்கு எக்ஸ்எம்பெட் என்று பெயர். ஒரு செயலி தன்னுடைய குட்டி ஜன்னலையே பேனலுக்குள் கொண்டுவந்து நுழைத்துவிடும். ஒருவர் வீட்டுச் சுவருக்குள் இன்னொருவர் ஜன்னல் வைப்பதைப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. பழைய எக்ஸ் திரை முறைக்குப் பதிலாக வந்த வேலண்டில் அந்த வழி இல்லை. எக்ஸ்எம்பெட்டுக்கு மாற்றாக, படத்தையும் நிலையையும் செயலிகள் ஒன்றோடொன்று பேசும் டி-பஸ் வழியாகச் சொல்லி அனுப்பினால் பேனலே வரைந்துகொள்ளும் என்ற முறையைக் கேடிஇ டெஸ்க்டாப் கொண்டுவந்தது. அதே வழியில் உபுண்டு 2010 ஏப்ரலில் 10.04 பதிப்பில் ஆப்இண்டிகேட்டரைத் தந்தது. ஜிநோம் டெஸ்க்டாப் வேறு பாதையில் போனது. 2011-இல் வந்த 3.0 பதிப்பில் இந்த ஐகான்கள் திரையின் அடியில் ஒளிந்திருக்கும் பட்டைக்குப் போயின. 2015-இல் 3.16 வந்தபோது இடது மூலையில் ஒரு சின்ன இழுப்பறைக்குள் போயின. 2017 செப்டம்பரில் வந்த 3.26-இல் அந்த இழுப்பறையும் எடுக்கப்பட்டது.

அப்படி எடுத்ததற்கு ஜிநோம் குழுவினர் சொன்ன காரணங்களை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு ஐகானும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டது. ஒன்றைச் சொடுக்கினால் ஜன்னல் திறக்கும், இன்னொன்றில் பட்டியல் விரியும், மூன்றாவதில் ஒன்றும் நடக்காது. அதைச் சீர்செய்ய நினைத்தது நியாயம். ஆனால் செயலிகள் அந்தப் பாதையை விடவில்லை. அஞ்சல், உரையாடல், கோப்பு ஒத்திசைவு, கடவுச்சொல் பெட்டகம் எல்லாம் இன்றும் ட்ரேயை நம்பித்தான் எழுதப்படுகின்றன. அதனால்தான் 3.26 வந்த அடுத்த மாதமே, 2017 அக்டோபரில், தன் யூனிட்டி டெஸ்க்டாப்பை விட்டு ஜிநோமுக்குத் திரும்பிய உபுண்டு 17.10, ஆப்இண்டிகேட்டர் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தே தந்தது. டெபியனிலும் ஃபெடோராவிலும் ஜிநோமைப் போட்டால் அதை நாமே தேடிப் போட வேண்டும்.

எக்ஸ்டென்ஷனும் நிரந்தரத் தீர்வு அல்ல. எந்தெந்த ஜிநோம் பதிப்புகளில் ஓடுவேன் என்று ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் தன் கோப்பில் எழுதி வைத்திருக்கும். புதிய பதிப்பின் எண் அதில் இல்லாவிட்டால் அது ஓடாது. 2023 செப்டம்பரில் ஜிநோம் 45 வந்தபோது எக்ஸ்டென்ஷன்களை ஏற்றும் முறையே மாறியது. பழையவை எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது. இன்று நீங்கள் வந்து சரிசெய்துவிட்டுப் போகும் ட்ரே, அடுத்த பதிப்பு மாற்றத்தில் மறுபடி காணாமல் போகலாம். அப்போது நீங்கள் எங்கள் அலுவலகத்தில் இருக்க மாட்டீர்கள்.

இது ஜிநோமின் குற்றம் மட்டும் என்றும் சொல்ல மாட்டேன். 2014 ஜூலையில் வந்த கேடிஇயின் பிளாஸ்மா 5, பழைய எக்ஸ்எம்பெட் ஐகான்களைக் கைவிட்டது. புதிய முறைக்கு மாறாத செயலிகள் எல்லாம் கண்ணில் படாமல் போயின. 2015 டிசம்பரில் 5.5 பதிப்பில்தான் பழையதைப் புதியதாக மாற்றிக் காட்டும் ஒரு பாலத்தைப் போட்டார்கள். அந்தப் பாலத்தைக் கட்டியவர்களுக்கு என் நன்றி. ஆனால் அதைக் கட்டும்வரை ஐகான்கள் தெரியாது என்று யார் எங்களிடம் முன்கூட்டிச் சொன்னார்கள்?

‘ட்ரே போனால் என்ன, மேலே வந்து மறையும் அறிவிப்பு இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது. இரண்டும் இரண்டு வேலை. அஞ்சல் வந்தது என்பது ஒரு நிகழ்வு, சில நொடிகளில் சொல்லி முடித்துவிடலாம். நகலெடுப்பது நின்றுபோயிருக்கிறது என்பது ஒரு நிலை, அது சரியாகும்வரை கண்ணெதிரே இருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் அல்லர். சுங்க அலுவலகத்துக்கும், சரக்கு நிலையத்துக்கும், துறைமுகக் கேட்டுக்கும் ஓடிக்கொண்டிருப்பவர்கள். திரும்பி வந்து உட்காரும்போது ஒரு பார்வையில் நிலைமை தெரிய வேண்டும்.

துறைமுக ஊர்க்காரன் என்பதால் இதை எனக்குத் தெரிந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். புயல் சின்னம் உருவானால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். ‘தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு’ என்று ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் செய்தியில் கேட்டிருப்பீர்கள். வானொலி சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடும். கூண்டு அப்படி அல்ல, இறக்கும்வரை அது கம்பத்தில் நிற்கும். இரவானால் அதற்குப் பதில் சிவப்பு, வெள்ளை விளக்குகள் எரியும். எப்போது வந்து பார்த்தாலும் நிலைமை தெரியும். ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்கள் புயல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு கடுமையானது, துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பவற்றைச் சொல்கின்றன.

பதினோராம் எண் புயலைப் பற்றியதே அல்ல. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் ஆபத்து இருப்பதாக இங்குள்ள அதிகாரி கருதுகிறார் என்பதுதான் அதன் பொருள். இந்த முறையை வகுத்தவர்களின் அறிவை எண்ணி நான் வியக்கிறேன். செய்தி வராமல் போவதும் ஒரு செய்திதான் என்று கண்டு, அதற்கென்று தனியாக ஒரு எண்ணை ஒதுக்கியிருக்கிறார்கள். கம்பத்தில் கூண்டு இல்லாதது ‘ஆபத்து இல்லை’ என்றும் படலாம், ‘எங்களுக்கே ஒன்றும் தெரியவில்லை’ என்றும் படலாம். அந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுவிட்டது. மின்சாரம் போய், அலைபேசியும் ஓய்ந்தபிறகு, தாமிரபரணிக் கரை ஊர்களில் இருந்த உறவினர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தகவல் இல்லாததை நலமாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள், பதறியவர்களும் இருந்தார்கள். உயிர் போகும் வெள்ளத்தையும் திரையில் காணாமல் போன ஐகானையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. வழி அறுந்தால் அது அறுந்திருப்பதைக் காட்டியாக வேண்டும் என்ற பாடம் மட்டும் இரண்டுக்கும் பொருந்தும்.

இது முடியாத காரியமா என்று விசாரித்தேன். முடியும் என்றே அறிந்தேன். ட்ரே இருக்கிறதா இல்லையா என்று செயலி கேட்டுத் தெரிந்துகொள்ள க்யூட்டி நூலகத்தில் ஒரே ஒரு வரி போதும். டி-பஸ் முறையிலும், ஐகானை வாங்கிக் காட்ட யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்று சொல்லும் குறிப்பு ஒன்று உண்டு. ஆக, தன்னைக் காட்ட இடம் இல்லை என்பதைச் செயலி தெரிந்துகொள்ள முடியும். தெரிந்துகொண்டு, ‘உங்கள் டெஸ்க்டாப்பில் ட்ரே இல்லை, அதனால் ஜன்னலை மூடினால் நான் மறைந்துவிடுவேன்’ என்று ஒரு வாக்கியம் சொல்லலாம். அல்லது ஜன்னலை மூடவிடாமல் சிறிதாக்கி மட்டும் வைக்கலாம். டெஸ்க்டாப்பின் பக்கமும் வழி இருக்கிறது. ஜிநோம் 44-இல், 2023 மார்ச்சில், ஜன்னல் இல்லாமல் பின்னால் ஓடும் செயலிகளைக் காட்டும் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள். நல்ல தொடக்கம்தான், ஆனால் அது பிளாட்பேக் வழியாக நிறுவியவற்றை மட்டும்தான் காட்டும். பதிப்பை மாற்றும் நிரலாலும் முடியும். எந்த எக்ஸ்டென்ஷன் ஓடிக்கொண்டிருந்தது, எது புதிய பதிப்பில் ஓடாது என்று ஒப்பிட்டுச் சொல்வது அதற்குக் கடினமான வேலை இல்லை.

இதை ஏன் ஜிநோமிடமோ கேடிஇயிடமோ எழுதாமல் உங்களிடம் எழுதுகிறேன் என்று கேட்கலாம். எங்கள் அலுவலகப் பெண்கள், கணக்கர்கள், திரேஸ்புரத்தில் நாட்டுப்படகு சங்கத்துக்கு மனு தட்டச்சு செய்து கொடுக்கும் கணினி மையக்காரர், உப்பளக் கணக்கை எழுதுபவர் ஆகியோருக்கும் அந்தத் திட்டங்களுக்கும் நடுவில் நிற்பவர்கள் நீங்கள் மட்டும்தான். குறை பதிவு செய்யும் இடம் ஆங்கிலத்தில் இருக்கிறது. என்ன பதிப்பு, எந்தச் சூழல், எக்ஸா வேலண்டா என்று அது கேட்கும் கேள்விகளுக்கு எங்களிடம் விடை இல்லை. எங்கள் குறையை எடுத்துச் சொல்ல அங்கே எங்கள் ஆள் யாரும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்து, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டுத் தந்தார்கள். அரசுப் பள்ளியில் படித்த எத்தனையோ பிள்ளைகளின் கைக்கு லினக்ஸ் அப்படித்தான் வந்தது. எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சில மாதங்களில் அதைத் திறப்பதையே விட்டுவிட்டார்கள். கொள்கை பிடிக்காமல் விடவில்லை. ஏதோ ஒன்று ஓடவில்லை, ஏன் என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். இப்போது இரண்டாவது வாய்ப்பு வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டி.பி.எம். 2.0 இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. நன்றாக ஓடும் கணினியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட மனமில்லாத சிறு அலுவலகங்கள் எங்கள் ஊரிலும் லினக்ஸ் பக்கம் திரும்பிப் பார்க்கின்றன. அவர்கள் கேட்கும் முதல் கேள்வி சுதந்திரத்தைப் பற்றியது அல்ல. ‘இதை நம்பலாமா?’ என்றுதான் கேட்கிறார்கள். நான் நம்பலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சொல்லைக் காப்பாற்ற எனக்கு உங்கள் உதவி தேவை.

ஆகவே கேட்கிறேன். நிறுவிக் கொடுப்பவர்களே, பதிப்பை மாற்றும் முன் அந்த நாற்காலியில் தினமும் உட்காருபவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘இந்தத் திரையில் நீங்கள் எதை எதையெல்லாம் பார்ப்பீர்கள்?’ என்று கேளுங்கள். திரையின் அந்த மூலையைப் படம் பிடித்து வையுங்கள். மாற்றியபின் அதே படத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு அஞ்சல் அனுப்பி, அது வந்ததாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். கணினி திறந்து மூடினால் வேலை முடிந்தது என்று போகாதீர்கள். எது போய்விட்டதோ அதைத் தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். அலுவலகக் கணினிக்கு நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் போடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை வரும் புதுமை உங்கள் வீட்டுக் கணினிக்கு இருக்கட்டும். ஜிநோம்தான் வேண்டுமென்று இல்லாத இடத்தில், ட்ரேயைத் தன்னோடு சேர்த்தே தரும் சின்னமன், பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ போன்றவற்றை முதலில் யோசியுங்கள்.

நிரல் எழுதும் நண்பர்களே, உங்கள் செயலி ட்ரேக்குள் ஒதுங்குமுன் ட்ரே இருக்கிறதா என்று கேட்கட்டும். இல்லையென்றால் சொல்லட்டும். பிறர் எழுதிய செயலியில் அந்த ஒரு வரி இல்லையென்றால் எழுதி அனுப்புங்கள். கட்டற்ற மென்பொருளின் பெருமையாக நீங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த உரிமையைத்தானே. வெளியீட்டுக் குறிப்புகளைத் தமிழாக்குபவர்களே, புதிதாக என்ன வந்தது என்பதை அழகாகத் தருகிறீர்கள். என்ன போனது என்ற பகுதியை அதற்கு முன்னால் வையுங்கள். கணியம் மின்னிதழ் 2012 முதல் எளிய தமிழில் எவ்வளவோ தந்திருக்கிறது. ‘பதிப்பு மாற்றுமுன் பார்க்க வேண்டியவை’ என்று ஒரு பக்கத்தைத் தொடங்கி, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புதுப்பித்துக்கொண்டே வந்தால், இந்தக் கடற்கரையில் அதைச் சுவரில் ஒட்டி வைக்க ஆட்கள் இருக்கிறோம்.

சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் பயனர் குழுக்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறையாவது, தமிழில் பேசி யாரும் வந்து குறை சொல்லக்கூடிய ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நாங்கள் ‘கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த படம் போய்விட்டது’ என்றுதான் சொல்வோம். அதைக் கேட்டு, பதிப்பு எண்ணையும் சூழலையும் எங்களிடமிருந்து பொறுமையாக வாங்கி, மூலத் திட்டத்தினரின் மொழியில் அவர்கள் கேட்கும் வடிவில் எழுதி, அங்கே பதிவு செய்யுங்கள். என்ன பதில் வந்தது என்று திரும்பவும் எங்களிடம் சொல்லுங்கள். ‘மாட்டோம்’ என்று பதில் வந்தாலும் சொல்லுங்கள், அதற்கேற்ப நாங்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்வோம்.

எங்களால் ஆனதையும் சொல்லிவிடுகிறேன். சோதித்துப் பார்க்க உண்மையான அலுவலகம் வேண்டுமென்றால் எங்கள் கதவு திறந்திருக்கிறது. புதிய பதிப்பை வெளியிடுமுன் ஒரு கணினியில் போட்டு, எங்கள் ஆட்களிடம் கொடுத்து, ஒரு வாரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. அடுத்த பதிப்பு வெளிவருமுன் வாருங்கள்.

அன்புடன்,
தூத்துக்குடியிலிருந்து ஒரு லினக்ஸ் பயனர்